அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியும்

கண்ணு,

இந்தக் கடிதத்தை நானே டைப் அடித்தேன். நம் கல்யாணத் தகவல் சென்டரில் உன் நாற்காலியில் உட்கார்ந்து, நீ ஜாதகம் ஏற்றுகிற அதே தமிழ் எழுத்தில், யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் அடித்தேன். முதலில் இதற்கே உனக்குக் கோபம் வர வேண்டும். "இந்தச் சனியன் எனக்கு வரவே மாட்டீங்குது கண்ணு" என்று மூன்று வருடமாக உன்னிடம் புலம்பியவள் நான். மவுஸைப் பிடிக்கச் சொன்னால் தேளைத் தொடச் சொன்னதுபோலக் கையை இழுத்துக்கொண்டவள் நான். நீயும் பொறுமையாக ஒவ்வொரு தடவையும் என் விரலைப் பிடித்து அதன்மேல் வைப்பாய். நீ ஈரோடு போயிருக்கிறாய், சாயங்காலம்தான் திரும்புவாய். அதற்குள் இதை அடித்து, அச்செடுத்து, உன் மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். எனக்கு வாய் இல்லை என்று காந்திபுரத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் பெங்களூரிலிருந்து உன் சிநேகிதன் போன் செய்தான் அல்லவா, நான் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்தால் உலகத்தில் உள்ள கம்ப்யூட்டர் எல்லாம் தேதி குழம்பிப்போகும், சரிசெய்ய ஆள் போதவில்லை, உனக்கு ஓர் இடம் பிடித்துவைத்திருக்கிறேன், உடனே கிளம்பி வா என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். நீ சொன்ன பதில்தான் எனக்குக் கேட்டது. "இல்லடா. அந்தப் புரோகிராம நம்பி அம்மாவத் தனியா உட்டுப்போட்டு வர முடியாது. நாந்தான் போட்டேன், ஒருதடவ பட்டது போதும். அம்மாவுக்கு இதெல்லாம் வராது. நீ வேற ஆளப் பாத்துக்கோ." சலித்துக்கொள்ளக்கூட இல்லை நீ. பஸ் போய்விட்டது, அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாய். வைத்துவிட்டு வந்து, "ரசம் வெச்சாச்சாம்மா" என்று கேட்டாய். உனக்கு இருபத்தாறு வயது. அந்தக் குரலில் ஐம்பது வயது கேட்டது.

அம்மாவுக்கு வரும் கண்ணு. அன்றைக்கே வந்தது. வராத மாதிரி நடித்தேன். நடிப்போடு நிறுத்தியிருந்தால்கூட இந்தக் கடிதம் வேண்டியிருக்காது. தாராபுரத்துக் கோமதியின் சம்பந்தம் முறிந்தது உன்னால் இல்லை, அந்தப் புரோகிராமாலும் இல்லை. என்னால். இனி நடந்தது நடந்தபடி சொல்கிறேன், பாதியில் எழுந்து போய்விடாமல் படி.

உன் அப்பா இந்தத் திருமணத் தகவல் மையத்தை ஆரம்பித்தபோது ஒரே ஒரு நோட்டுதான். பெண் ஜாதகம் முன்பக்கத்திலிருந்து, பையன் ஜாதகம் பின்பக்கத்திலிருந்து. கொஞ்ச நாளில் ஒரு சங்கடம் வந்தது. காந்திபுரத்தில் சென்டர் இருக்கிற மாடிக்கு ஏறிவரக் கூச்சப்படுகிறவர்கள், பெரியநாயக்கன்பாளையத்தில் நம் வீட்டுக்கே காலையில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். லேத் பட்டறைக்குப் போகிற வழியில் ஒருவர், பாலை ஊற்றிவிட்டு வருகிற வழியில் ஒருவர். ஆகவே வீட்டுக்கு ஒரு நோட்டு, சென்டருக்கு ஒரு நோட்டு. தினமும் சாயங்காலம் அப்பா சென்டர் நோட்டை மஞ்சள் பையில் கொண்டுவருவார். இரண்டையும் விரித்துவைத்து, அங்கே மாறியதை இங்கேயும் இங்கே மாறியதை அங்கேயும் எழுதி இரண்டையும் ஒன்றாக்குவது என் வேலை. பத்தொன்பது வருடம் அதைச் செய்தேன். காய்ச்சலோடு செய்தேன், உன்னை மடியில் வைத்துக்கொண்டு செய்தேன். அதில் தவறக்கூடாத காரியம் ஒன்றே ஒன்றுதான். ஒரு பெண்ணுக்கு வெற்றிலைபாக்கு மாற்றி நிச்சயம் ஆகிவிட்டால், அந்த ஜாதகத்தின்மேல் சிவப்பு மையில் 'நிச்சயம்' என்று எழுதி நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு அது யார் கைக்கும் போகக்கூடாது. வாக்குக் கொடுத்த பெண்ணின் ஜாதகம் வெளியே சுற்றுகிறது என்றால், அவளுடைய அப்பன் இன்னும் பெரிய இடமாகத் தேடுகிறான் என்று அர்த்தம். நம் பக்கத்தில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. பத்தொன்பது வருடத்தில் ஒரு 'நிச்சயம்' கூட நான் விட்டதில்லை.

அந்த நோட்டுகளை நான் எப்படி வெறுத்தேன் என்று உனக்குத் தெரியாது. ஒரு கல்யாணம், ஒரு திருவிழா என்று நிம்மதியாக இரண்டு நாள் எங்கும் தங்கியதில்லை. தங்கினால் நோட்டு இரண்டும் இரண்டு விதமாகிவிடும். என் தங்கைக்குப் பிள்ளை பிறந்தபோதுகூடக் காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் திரும்பினேன். "ஒரு நாளைக்கு இருந்தாத்தான் என்ன அக்கா" என்று அவள் அழுதாள். அப்பா போன பிறகு நீ கல்லூரியை முடித்து, சென்டருக்கு ஒன்று, வீட்டுக்குப் பழசில் ஒன்று என்று இரண்டு கம்ப்யூட்டர் வாங்கி, நோட்டை எல்லாம் அதில் ஏற்றியபோது, நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை, உள்ளுக்குள் எனக்கு விடுதலை வந்ததுபோல இருந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாட்டிக்கொண்டு கிடப்பது எப்படி இருக்கும் என்று தெரியாமல் நான் உன்னை மாட்டிவைக்கவில்லை. நன்றாகத் தெரிந்துதான் வைத்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பெங்களூர் வேலைக்கான உத்தரவு முதல் தடவை வந்தபோது நீ அதை என் காலடியில் வைத்துக் கும்பிட்டாய். சேர்வதற்குப் பதினைந்து நாள் இருந்தது. "நீ ஒண்ணும் கவலப்படாதம்மா, நீயே ரெண்டு எடத்தையும் பாத்துக்கற மாதிரி செஞ்சுபோட்டுத்தான் போவேன்" என்றாய். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் புரோகிராம் இருந்த மூன்று பிளாப்பிகளோடு வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாய். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டுச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முதல் பிளாப்பி கர் கர் என்று ஓடியது. திரையில் ஒரு நீலக்கோடு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. இரண்டாவதைப் போடச் சொன்னது, போட்டாய். கோடு முக்கால்வாசி வந்தபோது கரண்ட் போனது. நீ தலையில் கையை வைத்துக்கொண்டாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்போது அது எனக்கே புரியவில்லை, வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தேன். கரண்ட் வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாய். எந்த இடத்தில் வைக்க என்று அது கேட்டது, எந்த ஜாதகங்களைக் கவனிக்க என்று கேட்டது, ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் கொடுத்தாய். மூன்றாவது பிளாப்பி வெளியே வந்ததும், பரீட்சை எழுதி முடித்தவன்போல நாற்காலியில் சாய்ந்தாய்.

பிறகு எனக்கு விளக்கினாய். சென்டரிலிருந்து ஒரு பிளாப்பி வரும். அதை இங்கே போட்டால், எந்த ஜாதகம் அங்கே மாறியிருக்கிறது, எது இங்கே மாறியிருக்கிறது என்று புரோகிராமே பார்த்து, இடப்பக்கம் பிளாப்பி, வலப்பக்கம் வீடு என்று வரிசையாகக் காட்டும். நடுவில் ஓர் அம்புக்குறி. புதியது இருக்கிற பக்கத்திலிருந்து பழையது இருக்கிற பக்கத்துக்கு அம்பு போகும். சரி என்று அமுக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அம்பின்மேல் அமுக்கினால் அது திரும்பிக்கொள்ளும், அதை மட்டும் தொட்டுவிடாதே என்றாய். கண்ணு, நீ பாதி சொல்வதற்குள் எனக்கு முழுக்கப் புரிந்துவிட்டது. ஊர் உலகத்தில் யாருக்குப் புரியாவிட்டாலும் எனக்குப் புரியாமல் போகுமா? பத்தொன்பது வருடம் அந்த அம்புக்குறியாக இருந்தவள் நான்தானே. "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டாய். புரிந்தது என்றால் நீ போய்விடுவாய். "என்னமோ சொல்ற, எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல" என்றேன். நீ சிரித்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து சொன்னாய்.

அந்த வாரம் முழுக்கப் பாடம் நடத்தினாய். ஒரு நாள் பிளாப்பியைத் தலைகீழாகச் செருகினேன். ஒரு நாள் சரியென்பதை விட்டு வேண்டாமென்பதை அமுக்கினேன். நோட்டில் படம் வரைந்து, அம்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கலர் பென்சிலில் எழுதிக் கொடுத்தாய். நான் தடுமாறத் தடுமாற உன் முகம் வாடும், ஆனால் "இன்னும் நாளிருக்குதும்மா" என்பாய். பெட்டி வாங்கினாய். இரண்டு முழுக்கைச் சட்டை தைக்கக் கொடுத்தாய். அந்தச் சட்டைகளை இஸ்திரி போட்டு அடுக்கிவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அப்பா இல்லாத வீட்டில் நீயும் இல்லாவிட்டால் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் யாருக்காக விளக்குப் போடுவது என்று நினைத்தேன். இவ்வளவுதான் என் காரணம். பெரிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று மூன்று வருடமாகத் தேடிப்பார்த்துவிட்டேன், வேறு ஒன்றும் இல்லை. பயம்.

நீ கிளம்ப எட்டு நாள் இருந்தபோது, அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிளாப்பியை என்னிடம் கொடுத்து, "இன்னைக்கு நீயே செய்யிம்மா, நான் பக்கத்துல இல்லாம" என்று சொல்லிவிட்டுத் தையல்காரரிடம் போனாய். நான் பிளாப்பியைப் போட்டேன். ஆறேழு ஜாதகம் வரிசையாக வந்தது. அம்பு எல்லாம் பிளாப்பியிலிருந்து வீட்டைப் பார்த்து, நீ வரைந்த படத்தில் இருந்தபடியே நின்றது. ஒவ்வொன்றாகத் திருப்பினேன். என்ன நினைத்தேன் என்றால், நீ ஒரு நாள் முழுக்கச் செய்த வேலை அழியும், வந்து பார்ப்பாய், இவளை நம்பிப் போகமுடியாது என்று உனக்கே தோன்றும், வந்தவர்கள் எழுதிக்கொடுத்த சீட்டுகளைப் பார்த்துத் திரும்ப ஏற்றிக்கொள்வாய், யாருக்கும் நஷ்டமில்லை. சரியென்று அமுக்கினேன். பழையது போய்ப் புதியதின்மேல் உட்கார்ந்துகொண்டது. நீ வந்ததும் பார்ப்பாய் என்று காத்திருந்தேன். நீயோ சட்டையைப் போட்டுக் காட்டும் குஷியில் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. மறுநாள் நான் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் பிளாப்பியை எடுத்துக்கொண்டு சென்டருக்குப் போய்விட்டாய். அங்கே அதைப் போட்டதும், கடைசியாக மாற்றம் நடந்தது பிளாப்பியில்தான் என்று புரோகிராம் காட்டியிருக்கிறது. நம்பிச் சரி கொடுத்தாய். சென்டரிலும் எல்லாம் பழையதாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து நீ கண்டுபிடித்தாய். "அம்மா, அம்பு எதையாவது திருப்புனயா?" என்று கேட்டாய். அந்த நேரத்தில் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தெரியாமல் செய்துவிட்டேன் என்று பாதிப் பொய்யாவது சொல்லியிருக்கலாம், நான் போட்ட திட்டமே அதுதானே. ஆனால் உன் முகத்தைப் பார்த்ததும் பயந்துபோய், "நீ சொன்னபடிதான் கண்ணு செஞ்சேன், நான் ஒண்ணையும் தொடல" என்று சொல்லிவிட்டேன். நீ என்னை நம்பினாய். உன்மேல் சந்தேகப்பட்டாய். புரோகிராமை அழித்துவிட்டு மறுபடி போட்டாய். அது நன்றாக வேலை செய்தது. அதனால் இன்னும் குழம்பி, இன்னொரு முறை அழித்துப் போட்டாய். காணாமல்போன ஜாதகங்களைச் சீட்டுகளை வைத்துத் திரும்ப ஏற்றினாய். ஒன்றுக்கு மட்டும் சீட்டு இல்லை. தாராபுரத்திலிருந்து கோமதியின் அப்பா அந்த வெள்ளிக்கிழமை போனில் கூப்பிட்டு, "நிச்சயம் முடிஞ்சுதுங்க தம்பி, ஜாதகத்த நிறுத்திருங்க" என்று சொல்லியிருந்தார். நீ உடனே கம்ப்யூட்டரில் நிறுத்தியிருந்தாய். போனில் வந்ததற்குக் காகிதம் ஏது? இருந்த பதற்றத்தில் உனக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை வழக்கம்போலத் தபாலில் ஜாதகங்கள் போயின. அந்தியூருக்குப் போன கவரில் கோமதியின் ஜாதகமும் போட்டோவும் இருந்தன. அந்தக் கவரைப் பிரித்தவர் அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளையின் பெரியப்பா. தன் சொந்த மகனுக்குப் பெண் தேடி நம்மிடம் பதிந்திருந்தவர். கவரோடு நேரே மாடியேறி வந்தார். நானும் அங்கே இருந்தேன். "ஏனுங்க தம்பி, வெத்தலபாக்கு மாத்துன பொண்ணு ஜாதகம் இன்னும் சுத்துதுங்களே, எங்களவிட நல்ல எடமா பாக்கறாங்களாக்கும்?" என்றார். நீ பதறி, "ஐயா, அவிங்க நிறுத்தச் சொல்லிட்டாங்கய்யா, கம்ப்யூட்டர்ல தப்பாகிப்போச்சு" என்றாய். "கம்ப்யூட்டரு தானா கவர்ல போட்டு, ஸ்டாம்பு ஒட்டி அனுப்புமுங்களா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். ஒரு வார்த்தை மரியாதை குறையாமல்தான் பேசினார். சம்பந்தம் அந்த வாரமே முறிந்தது.

தாராபுரம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நீ கிளம்பினாய். எனக்கு முட்டி வலி என்று படுத்துக்கொண்டேன். முட்டி அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வந்து, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று நீ சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோய்விட்டாய். மறுநாள் பெங்களூருக்கு வர இயலாது என்று எழுதிப் போட்டாய். "இந்த நிலைமைல உட்டுப்போட்டுப் போனா அப்பா பேரு கெட்டுப்போயிரும்மா" என்றாய். நான் நினைத்தது நடந்தது. அன்று ராத்திரி உனக்குப் பிடித்த சந்தகை செய்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு என்னைக் காறித் துப்பத் தோன்றுகிறது.

உன்னிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது கண்ணு. பழி எங்கே கிடந்தாலும் எடுத்து உன் பையில் போட்டுக்கொள்வாய். ஐந்தாம் வகுப்பில் எவனோ பந்தடித்து ஜன்னல் கண்ணாடியை உடைத்ததற்கு, பந்து என்னுடையது என்று எழுந்து நின்று அடிவாங்கிக்கொண்டு வந்தாய். அப்பா அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொன்னார், நானும் பெருமைப்பட்டேன். உன்னுடைய அந்தக் குணத்தை நல்ல குணம் என்று வளர்த்துவிட்டோம். அது இருப்பது தெரிந்ததால்தான் நான் துணிந்தேன். இனிமேல் உன்னிடம் வந்து யாராவது, அது உன் பெண்டாட்டியாக இருந்தாலும் மேலதிகாரியாக இருந்தாலும், நான் ஒன்றையும் தொடவில்லை என்று சொன்னால், உன்மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால் ஒரு தடவை அவர்கள் முகத்தைப் பார். நீ அன்றைக்கு என் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நான் மட்டும் இந்த மூன்று வருடம் சுகமாக இருந்தேன் என்று நினைக்காதே. தெரியாது என்று ஒரு முறை சொல்லிவிட்டால், தினமும் தெரியாமல் இருக்க வேண்டும். நீ தப்பாக ஏற்றுகிற நட்சத்திரத்தைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். உனக்கு அம்மை போட்டுப் பத்து நாள் படுத்திருந்தாயே, அந்தப் பத்து நாளும் இரண்டு கம்ப்யூட்டரையும் நான்தான் ஓட்டினேன். பிளாப்பியை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் வந்தேன். ஒரு ஜாதகம் பிசகவில்லை. கீழே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கும் பெண் வந்து செய்தாள் என்று உன்னிடம் சொன்னேன். உடம்பு தேறியதும் நீ அவளுக்கு ஒரு டப்பா மைசூர்பாகு கொண்டுபோய்க் கொடுத்தாய். அவள் மேலே வந்து என்னைப் பார்த்து, "எனக்கு எதுக்குங்க மைசூர்பாகு?" என்று கேட்டாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். என்ன புரிந்ததோ, இறங்கிப் போய்விட்டாள். இன்றைக்கும் மாடிப்படியில் அவளைக் கண்டால் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

சிநேகிதனிடம் நீ பேசிய பேச்சைக் கேட்ட பிறகு என்னால் முடியவில்லை. வியாழக்கிழமை கோயிலுக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னேனே, கோயிலுக்குப் போகவில்லை. தாராபுரம் போனேன். கோமதியின் அப்பா என்னை அடையாளம் கண்டுகொண்டதும், "வாங்க, உக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவர் நெடுநேரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஊட்டுக்கு வந்துபோட்டீங்க, அதனால காப்பி குடுக்கறமுங்க. குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க" என்றார். அந்தக் காப்பியை நான் குடித்தேன் கண்ணு. குடிக்காமல் வந்தால் அது அவர்களுக்கு இன்னொரு அவமானம்.

கோமதி அங்கேயே ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பஸ் நிற்குமிடம் வரைக்கும் என்னோடு நடந்து வந்தாள். "அந்தச் சம்பந்தம் போனதுல எனக்கு இப்ப ஒண்ணுமில்லீங்க. எங்கப்பா வாக்குத் தவறுனவருன்னு ஆகிப்போச்சு, அதுதானுங்க. இன்னைக்கும் அந்தியூர்ப் பக்கம் ஒரு விசேசத்துக்கு அவரு போறதில்லீங்க" என்றாள். அந்தியூருக்கும் போய்ச் சொல்கிறேன் அம்மணி என்றேன். சரியென்று தலையாட்டினாள். பஸ் வரும்போது, "உங்க பையன் அன்னைக்கு எங்க வாசல்ல நின்னு அழுதாருங்க. அவருதான் செஞ்சாருன்னு மூணு வருசமா அவரத் திட்டீட்டு இருக்கறேன். அவருக்கு இது தெரியுமுங்களா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப இங்க எதுக்குங்க வந்தீங்க? சுலுவான எடத்துல மொதல்ல சொல்லிப் பாக்கறதுக்குங்களா?" என்றாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, பல்லடம் வரும்வரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

நீ அழுதாய் என்பது எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை.

அந்தியூருக்கு நேற்று போய் வந்தேன். அந்த மாப்பிள்ளையின் பெரியப்பா வீட்டில் இல்லை, மறுபடி போவேன், அது என் பாடு. உன் சிநேகிதனுக்கு நானே எஸ்டிடி பூத்திலிருந்து போன் செய்தேன். இந்த மாதக் கடைசிவரை இடம் இருக்கிறதாம். வீட்டுக் கம்ப்யூட்டரையும் சென்டர் கம்ப்யூட்டரையும் இன்று காலையில் நான்தான் ஒன்றாக்கிவைத்தேன், உனக்குச் சந்தேகமாக இருந்தால் ஒவ்வொரு ஜாதகமாகத் திறந்து பார்த்துக்கொள். நீ இல்லாமல் எனக்கு என்ன ஆகும் என்று கேட்காதே. கஷ்டமாகத்தான் இருக்கும். சாயங்காலம் ஆறு மணி இப்போதும் எனக்குப் பயம்தான். அது என் பயம், அதை நான்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று வருடம் உன்னைச் சுமக்க வைத்துவிட்டேன்.

இதைப் படித்துவிட்டு நீ வீட்டுக்கு வருவாய். கத்து. தட்டைத் தூக்கி எறி. என்னோடு ஒரு வருடம் பேசாமல் இரு, பெங்களூரிலிருந்து ஒரு கடுதாசிகூடப் போடாதே. எல்லாவற்றுக்கும் நான் தயாராக இருக்கிறேன். ஒன்றே ஒன்றை மட்டும் செய்துவிடாதே. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மனசு இளகி, "சரி உடும்மா, போனது போகட்டும்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிடாதே கண்ணு. உட்கார்ந்தால் உனக்குச் சோறு போடுவேன். நாளைக்குப் போகலாம் என்பேன். நாளைக்கு எனக்கு ஏதாவது ஒரு வலி வரும். என்னை எனக்குத் தெரியும்.

அம்மா